பனித்தெருவில் கார்: வாசகர் கேள்வி – பதில்

நவம்பரில் முதற்பனி விழுந்த வாரத்திலிருந்து இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களிற் பெரும்பாலானவை காரைப் பற்றியவையாகவே இருக்கின்றன. ரொறன்ரோப் பெரும்பாகத்திலிருந்தும் மொன்றியலிலிருந்தும் வந்தவற்றுள் பலருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றைத் தெரிந்து, சுருக்கி, இம்மாதம் பதிலளிக்கிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சாரதிப் பயிற்சி அளித்துவருபவன் என்ற அளவில் சொல்பவை இவை. உங்கள் காரின் கையேடு வேறு விதமாகச் சொல்லுமானால் கையேட்டையே நம்புங்கள்.

கேள்வி: என்னுடையது நான்கு சக்கரங்களும் இயங்கும் எஸ்.யு.வி. வாகனம். இதற்கு வின்ரர் ரயர் தேவையே இல்லை என்று விற்றவர் சொன்னார். ரயர் கடைக்காரரோ கட்டாயம் வேண்டும் என்கிறார். யாரை நம்புவது?
வாசகர், ஸ்காபுரோ

பதில்: இருவரும் வியாபாரிகள்தாம். ஆனாலும் இந்த விடயத்தில் நியாயம் ரயர் கடைக்காரர் பக்கமே இருக்கிறது. நான்கு சக்கரங்களுக்கும் என்ஜினின் விசை போவதால் உங்கள் வாகனம் பனியிற் புதையாமற் புறப்படும், மேட்டில் ஏறும். அதற்கு மேல் அந்த வசதியால் எதுவும் நடக்காது. பிறேக்கை மிதிக்கும்போது உங்கள் வாகனத்துக்கும் பக்கத்து வீட்டுக்காரரின் சிறிய காருக்கும் வேறுபாடு கிடையாது, ஏனெனில் எல்லாக் கார்களுக்கும் நான்கு சக்கரங்களிலும் பிறேக் இருக்கிறது. தெருவைப் பிடித்துக்கொள்வது உள்ளங்கை அளவேயான நான்கு றப்பர்ப் பரப்புகள். பனி கொட்டிய நாளில், ரொறன்ரோவிலிருந்து வடக்கே போகும் 400ஆம் நெடுஞ்சாலையோரப் பள்ளத்தில் இறங்கிக் கிடக்கும் வாகனங்களைப் பாருங்கள், எஸ்.யு.வி.களுக்கு அங்கே குறைவிருக்காது. புறப்படும்போது வழுக்கவில்லை என்பதால் தெரு நன்றாக இருக்கிறது என்று எண்ணி வேகமெடுத்தவர்கள் அவர்கள்.

வேறுபாடு றப்பரில் இருக்கிறது. எல்லாப் பருவத்துக்கும் என்று விற்கப்படும் சாதாரண ஓல் சீசன் ரயரின் றப்பர், வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே இறங்கும்போது இறுகத் தொடங்கிவிடும். மைனஸ் 15 பாகைக் காலையொன்றில் அதைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். பிளாஸ்ரிக் வாளியின் விளிம்பைத் தொடுவதுபோல் இருக்கும். அதே குளிரில் வின்ரர் ரயர் விரலுக்குக் கொஞ்சம் இடம் கொடுக்கும். தெருவைத் தொடும் அதன் றப்பர்க் கட்டைகளில் சவர அலகால் கீறியதுபோன்ற மெல்லிய வெட்டுகள் நெருக்கமாக ஓடுவதையும் காண்பீர்கள். அந்த வெட்டுகளின் விளிம்புகள்தாம் பனியைக் கடித்துப் பிடிக்கின்றன.

ஒரு சிறு கணக்கும் சொல்கிறேன். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திற் போகும் கார், உலர்ந்த தெருவில் பிறேக் பிடித்த இடத்திலிருந்து ஏறத்தாழ 14 மீற்றரில் நின்றுவிடும். வாகனங்கள் மிதித்து இறுகிய பனியில் அதே காருக்கு 50 மீற்றரளவு வேண்டும். ஈரம் படிந்த பனிக்கட்டியில் அது 100 மீற்றரையும் தொடும். ஆபத்தைக் கண்டு காலைப் பிறேக்குக்குக் கொண்டுபோக எடுக்கும் ஒரு விநாடியில் ஓடிவிடும் 14 மீற்றரை இதிற் சேர்க்கவில்லை. நல்ல ரயர் இந்தத் தூரத்தைக் குறைக்கும், ஆனால் இல்லாமற் செய்துவிடாது. வேகத்தைப் பாதியாக்கினாலோ நிற்கும் தூரம் கால்பங்காகும். ஆகவே ரயருக்குப் பணம் கொடுத்துவிட்டோம் என்பதற்காகக் கோடைகால வேகத்தில் ஓட்டுவதும் பிழைதான்.

வாங்கும்போது ரயரின் பக்கச் சுவரிற் பாருங்கள். மூன்று சிகரங்களுள்ள மலைக்குள் ஒரு பனித்துகள் வரைந்த அடையாளம் இருக்கவேண்டும். அது பனியிற் சோதித்துத் தேறியதைக் குறிக்கும். எம், எஸ் என்ற எழுத்துகள் மட்டும் இருந்தால் அதன் கோல வடிவம் சேற்றுக்கும் பனிக்கும் ஏற்றது என்பதே பொருள், அது போதாது. கட்டைகளின் ஆழம் 4 மில்லிமீற்றருக்குக் கிட்டக் குறைந்துவிட்டால் அந்த ரயரைப் பனிக்காலத்துக்கு நம்பவேண்டாம், சட்டம் அதிலும் தேய்ந்ததை அனுமதித்தாலும்கூட. வெப்பநிலை ஐந்தாறு பாகை இறங்குந்தோறும் ரயரின் காற்றழுத்தம் ஏறத்தாழ 1 பி.எஸ்.ஐ. குறையும் என்பதால், இலையுதிர் காலத்தில் நிரப்பிய காற்று ஜனவரிக்குப் போதாது.

சட்டத்தைப் பொறுத்தவரை, கியூபெக்கிற் பதிவான கார்கள் டிசெம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்ரர் ரயருடனேயே ஓடவேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைப்பாதைகள் பலவற்றில் ஒக்ரோபர் 1 முதலே அது கட்டாயம். ஒன்ராறியோவில் அப்படியொரு சட்டமில்லை. ஆனால் வின்ரர் ரயர் பூட்டியவர்களுக்குக் காப்புறுதி நிறுவனங்கள் கழிவு தரவேண்டும் என்ற விதி 2016 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ரயர் வாங்கிய பற்றுச்சீட்டை எடுத்துவைத்து, உங்கள் காப்புறுதி முகவரைக் கேளுங்கள். நம்மவர்களில் எத்தனையோ பேர் ஆண்டுக்கணக்காகக் கேட்காமலே இருக்கிறார்கள்.

கேள்வி: இந்த வருடம் கையில் காசு மட்டாக இருக்கிறது. முன்னுக்கு இரண்டு வின்ரர் ரயர் மட்டும் போட்டு ஓட்டலாமா?
வாசகர், பிறம்ரன்

பதில்: வேண்டாம். முன்சக்கரங்கள் தெருவைப் பிடிக்க, பின்சக்கரங்கள் பிடியின்றி வழுக்க, வளைவில் காரின் பின்புறம் சுழன்று முன்னே வந்துவிடும். நான்கும் ஓல் சீசனாக இருப்பதைக்காட்டிலும் இது மோசமான நிலையாகலாம். ஆழம் மிச்சமுள்ள பழைய ரயர்கள் நான்கு ஒரே இனமாகக் கிடைத்தால், தயாரித்த ஆண்டைப் பார்த்து வாங்குங்கள். ரயரின் பக்கச் சுவரிலுள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் காட்டும். 3521 என்றால் 2021ஆம் ஆண்டின் 35ஆவது வாரம்.

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்த எனக்கு இதுதான் முதல் பனிக்காலம். அங்கே மோட்டார் சைக்கிளும் காரும் ஓட்டிய அனுபவம் உண்டு. 'பிளாக் ஐஸ்' என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். அதை எப்படிக் கண்டுகொள்வது? வழுக்கத் தொடங்கினால் என்ன செய்வது?
மாணவர், மொன்றியல்

பதில்: பெயரிற் கறுப்பு இருந்தாலும் அதற்கு நிறமே கிடையாது. கண்ணாடிபோன்ற மெல்லிய பனிக்கட்டிப் படலத்தினூடாக அடியிலுள்ள தார்தான் கறுப்பாகத் தெரிகிறது. ஆகவே தெருவைப் பார்த்தால் மழை பெய்து ஈரமாகியிருப்பதுபோலவே இருக்கும். வெப்பநிலை பூச்சியத்தையொட்டி இருக்கும்போது, தெரு ஈரமாக மினுங்கியும் முன்னே போகும் காரின் சக்கரங்களிலிருந்து நீர்த்துளிகள் தெறிக்கவில்லையென்றால், நீங்கள் காண்பது தண்ணீரல்ல. என்னிடம் பழகுபவர்களுக்கு நான் முதலிற் காட்டும் அடையாளம் இதுதான்.

இடங்களும் உண்டு. பாலங்களின் மேற்பரப்பு மற்றத் தெருக்களுக்கு முன்னதாக உறையும், ஏனெனில் அடியிலும் குளிர்காற்று ஓடுவதால் நிலத்தின் வெப்பம் அதற்குக் கிடைப்பதில்லை. உயர்ந்த கட்டடத்தின் நிழல் விழும் துண்டு, பகலில் உருகி மாலையில் மீண்டும் உறையும் தெருவோரம், கார்கள் நின்று நின்று மெருகேற்றிவிட்ட சந்திகளின் முகப்பு ஆகியவற்றிலும் கவனம் வேண்டும். மைனஸ் 20 பாகையைவிடப் பூச்சியத்தையொட்டிய நாட்களே அதிகம் வழுக்கும் என்பது புதிதாக வருபவர்களுக்கு வியப்பாக இருக்கும். கட்டிமேல் மெல்லிய நீர்ப்படலம் நிற்பதே காரணம். அதேவேளை, மைனஸ் 15, 20 என்று குளிர் இறங்கும்போது தெருவிற் போட்ட உப்பு வேலை செய்வது மிகவும் மந்தமாகிவிடும். அப்போது மணலைத்தான் தூவுவார்கள்.

இனி வழுக்கினால். முதலில் அக்சிலரேற்றரிலிருந்து காலை எடுங்கள். பிறேக்கை அடித்து மிதிக்க உடல் துடிக்கும், மிதிக்காதீர்கள். கண்ணை, மோதிவிடுவோமோ என்று அஞ்சும் கம்பத்தில் வைக்காமல், நீங்கள் போகவேண்டிய பக்கத்தில் வையுங்கள், ஏனெனில் கண் போகும் பக்கம் கையும் போகும். ஸ்ரியரிங்கை அந்தப் பக்கமாக மெதுவாகத் திருப்புங்கள். சக்கரம் பிடி கிடைத்ததும் கார் மறுபக்கம் ஆடப் பார்க்கும், உடனே நேராக்கிவிடுங்கள். முன்சக்கரங்கள் வழுக்கி, ஸ்ரியரிங்கைத் திருப்பியும் கார் நேரே போனால், மேலும் மேலும் திருப்புவதாற் பயனில்லை. சற்று நேராக்கி, வேகம் குறைந்து பிடி கிடைக்கும்வரை பொறுக்கவேண்டும். உண்மையிற் பொறுக்கும் நேரம் ஒரு விநாடிக்கும் குறைவுதான், ஆனால் அது நீண்டுகொண்டே போவதுபோலத் தோன்றும்.

நேரே போகும்போது திடீரென நிற்கவேண்டி வந்தால், ஏ.பி.எஸ். உள்ள காரில் பிறேக்கை உறுதியாக மிதித்து அப்படியே வைத்திருங்கள். பாதத்தின் கீழே பெடல் கடகடவென்று அதிர்ந்து, அரைப்பதுபோல ஒரு சத்தம் கேட்கும். பிறேக் உடைந்துவிட்டதென்று பயந்து காலை எடுத்துவிட்டவர்களை நான் கண்டிருக்கிறேன். அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமற் காக்கும் ஏ.பி.எஸ். கருவி வேலை செய்வதன் அறிகுறி. அதன் பயன், பிறேக் பிடித்தபடியே காரைத் திருப்ப முடிவதில் இருக்கிறது. நிற்கும் தூரத்தை அது குறைக்கும் என்று நம்பவேண்டாம், புதுப்பனியில் தூரம் கூடவும் கூடும். கனடாவில் 2011 செப்ரெம்பர் முதல் தயாரான கார்களில், வழுக்கும்போது ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியே பிடித்துக் காரை நேராக்கும் ஈ.எஸ்.சி. கருவியும் கட்டாயம். சாரதிக்கு முன்னேயுள்ள அதன் சிறு மஞ்சள் விளக்கு மினுங்கினால், வேகம் கூடிவிட்டது என்று கார் உங்களுக்குச் சொல்கிறது.

உங்களுக்கு ஒரு வீட்டுவேலை தருகிறேன். முதற்பனி விழுந்த ஞாயிறு காலை, உரியவரின் அனுமதியுடன், கம்பங்களில்லாத வெறும் வாகனத் தரிப்பிடமொன்றில், மணிக்கு 20 கிலோமீற்றரில் போய் பிறேக்கை முழுதாக மிதித்துப் பாருங்கள். அந்த அதிர்வைக் கால் ஒருமுறை அறிந்துவிட்டால் பிறகு திடுக்கிடாது.

கேள்வி: மூன்று வயதுப் பேரனைக் குளிர் ஜக்கெற் கழற்றிய பின்புதான் கார் சீற்றில் இருத்தவேண்டும் என்று மருமகள் சொல்கிறா. மைனஸ் 18 பாகையில் பிள்ளையின் ஜக்கெற்றைக் கழற்றுவதா? எனக்கு மனம் கேட்கவில்லை.
வாசகி, மார்க்கம்

பதில்: அம்மா, இதில் உங்கள் மருமகள் சொல்வதே சரி. பஞ்சடைத்த ஜக்கெற்றின் மேல் பட்டியை எவ்வளவு இறுக்கினாலும் நீங்கள் இறுக்குவது பஞ்சையும் காற்றையுந்தான். மோதலின்போது அந்தப் பஞ்சு ஒரு நொடியில் தட்டையாகிவிட, பட்டிக்கும் பிள்ளையின் நெஞ்சுக்கும் இடையே விழும் இடைவெளியினூடாகப் பிள்ளை வெளியே வீசப்படலாம். ஐயமிருந்தால் வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள்: ஜக்கெற்றுடன் இருத்திப் பட்டியை இறுக்குங்கள், பட்டியின் நீளத்தை மாற்றாமல் பிள்ளையை எடுத்து, ஜக்கெற்றைக் கழற்றி, மறுபடி இருத்திப் பூட்டுங்கள். தோளருகே பட்டியை இரு விரலாற் கிள்ளிப் பிடிக்க முடிந்தால் அது அவ்வளவு தளர்வாக இருந்திருக்கிறது என்று பொருள். காரை முன்கூட்டிச் சூடாக்கி, மெல்லிய கம்பளிச் சட்டையுடன் பூட்டிய பின், ஜக்கெற்றை முன்புறமாகக் கைகளில் மாட்டியோ போர்வையாலோ மேலே மூடிவிடுங்கள். காரைச் சூடாக்குவது கராஜுக்குள் வேண்டாம், கதவு திறந்திருந்தாலும் வேண்டாம்.

கேள்வி: காலையில் முன்கண்ணாடியிற் படிந்த பனிக்கட்டியைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கரைக்கலாமா? கண்ணாடியின் உட்புறத்தில் படியும் நீராவிப் புகாருக்கு என்ன வழி?
வாசகர், மிசிசாகா

பதில்: சுடுதண்ணீர் ஊற்றினாற் கண்ணாடி வெடிக்கும், ஊற்றிய தண்ணீரும் தெருவில் உறைந்து உங்களையே விழுத்தும். ஸ்கிறேப்பரும் பிறஷும் ஐந்து நிமிடப் பொறுமையும் போதும். கண்ணுக்கு முன்னே தபாற்பெட்டி வாய் அளவுக்கு மட்டும் சுரண்டிவிட்டுப் புறப்படுபவர்கள் காவல்துறையிடம் தண்டச் சீட்டு வாங்குவது நியாயமே. கூரையையும் துடையுங்கள், இல்லாவிட்டால் முதற் சமிக்ஞை விளக்கில் நிறுத்தும்போது கூரைப்பனி முழுவதும் சரிந்து முன்கண்ணாடியை மூடிவிடும்.

உட்புறப் புகாருக்குக் காரணம், உங்கள் சப்பாத்திலிருந்து உருகும் பனியும் நீங்கள் விடும் மூச்சும். காருக்குள் இருக்கும் காற்றையே சுழலவிடும் பொத்தானை அணைத்து, ஹீற்றரோடு ஏ.சி.யையும் போடுங்கள். குளிர்காலத்தில் ஏ.சி.யா என்று கேட்கவேண்டாம். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது அதுதான்.

கேள்வி: வேலைக்காகத் தினமும் 400ஆம் நெடுஞ்சாலையில் பாரி நகருக்குப் போய்வருகிறேன். வோனில் வெயில் அடிக்க, அரைமணி நேரத்தில் முன்னே எதுவும் தெரியாத பனிச்சுவருக்குள் நுழைந்துவிடுகிறேன். அப்படிச் சிக்கினால் என்ன செய்வது?
வாசகர், வோன்

பதில்: நீங்கள் நுழைவது ஏரி பிறப்பிக்கும் பனி. ஜோர்ஜியன் விரிகுடாவின் நீர் இன்னும் உறையாமல் இருக்கையில் அதன்மேல் வடமேற்கிலிருந்து குளிர்காற்று வீசும்போது, அது ஈரத்தையும் வெப்பத்தையும் அள்ளிக்கொண்டு கரையேறி, ஒடுங்கிய பட்டைகளாகப் பனியைக் கொட்டுகிறது. பட்டையின் அகலம் சில கிலோமீற்றர்களே என்பதால் ஒரு பக்கம் வெயில், மறுபக்கம் வெள்ளை இருட்டு. 2014 பெப்ரவரி 27 அன்று பாரிக்குத் தெற்கே இதே நெடுஞ்சாலையில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட வாகனங்கள் ஒன்றன்மேல் ஒன்று மோதிக் குவிந்தது இத்தகைய பனியில்தான்.

புறப்படுமுன் ஒன்ராறியோ 511 சேவையிற் பாதை நிலையைப் பாருங்கள். தூரத்தில் அந்த வெள்ளைச் சுவர் தெரிந்தவுடனேயே, நுழையுமுன், வேகத்தைக் குறையுங்கள். நுழைந்தபின் சடுதியாகக் குறைத்தால் பின்னால் வருபவர் உங்கள்மேல் ஏறுவார். முன்விளக்குகளை நீங்களே போடுங்கள், ஏனெனில் பகலில் தானாக எரியும் விளக்கு பல கார்களிற் பின்புறத்தை ஒளிர்விப்பதில்லை. வேகத்தைத் தானாகவே ஒரே அளவில் வைத்திருக்கும் குறூஸ் கொன்றோல் வேண்டாம். முன்னே போகும் வாகனம் ஒரு பலகையைக் கடந்த நேரத்திலிருந்து நீங்கள் அதைக் கடக்கும்வரை ஆறு விநாடியாவது எண்ணக்கூடிய இடைவெளி இருக்கட்டும். முடியாதென்று கண்டால் அடுத்த வெளியேறும் வழியால் இறங்கி ஒரு கோப்பிக் கடையில் இருந்துவிடுங்கள். வேலைக்குப் பிந்திப்போன நாளை முதலாளி மறந்துவிடுவார். தெருவோரத்தில் நிறுத்துவது கடைசி வழி.

பாதையே மூடப்பட்டு நடுவழியில் சிக்கவும் நேரலாம். 2010 டிசெம்பரில் சார்ணியாவை அடுத்த 402ஆம் நெடுஞ்சாலையில் நூற்றுக்கணக்கானோர், சிலர் ஒரு முழுநாளுக்கும் மேலாக, வாகனங்களுக்குள்ளேயே இருக்கநேர்ந்து, இராணுவ ஹெலிகொப்ரர்கள் வந்து ஏற்றிச்சென்றன. அந்த நிலையில் வாகனத்தை விட்டு நடக்கக்கூடாது. எரிபொருள் தாங்கி எப்போதும் பாதிக்கு மேல் இருக்கட்டும். போர்வை, சிறிய மண்வெட்டி, தண்ணீர், தொலைபேசிக்கு மின்னேற்றும் கம்பி ஆகியன பின்பெட்டியில் அல்ல, கை எட்டும் இடத்தில் இருக்கட்டும், ஏனெனில் பின்பெட்டி உறைந்துவிட்டால் திறக்காது.

என்ஜினைத் தொடர்ந்து ஓடவிடாமல் மணிக்குப் பத்து நிமிடமளவில் ஓடவிட்டுச் சூடேற்றுங்கள். ஒவ்வொரு முறையும் அதற்குமுன் இறங்கிப் புகைக்குழாயின் வாயைப் பனி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள், காற்று வீசாத பக்கத்துக் கண்ணாடியைச் சற்று இறக்கிவையுங்கள். 2016 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திலுள்ள பசேய்க் நகரில், தந்தை வெளியே காரைச் சுற்றிப் பனி அள்ளிக்கொண்டிருந்த சில நிமிடங்களுக்குள், சூட்டுக்காகக் காருக்குள் இருந்த தாயும் சிறு பிள்ளையும் உயிரிழந்தனர். புகைக்குழாய் பனியால் மூடுண்டிருந்தது. காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

கேள்வி: மின்கார் வாங்க எண்ணியிருக்கிறோம். குளிரிற் பாதி வழியில் நின்றுவிடும் என்று நண்பர்கள் தடுக்கிறார்கள்.
வாசகி, ஏஜாக்ஸ்

பதில்: நிற்காது, ஆனால் ஓடும் தூரம் குறையும். நோர்வே வாகன ஓட்டிகள் சங்கம் 2020இல் 20 மின்கார்களைக் குளிரில் ஓட்டிப் பார்த்தபோது சராசரியாக 18.5 வீதம் குறைந்தது. நம் ஜனவரிக் குளிரில் அதைவிடக் கூடுதலாகவே எதிர்பாருங்கள். வீட்டில் மின்னேற்றியிற் பூட்டியபடியே காரைச் சூடாக்கிவிட்டுப் புறப்பட்டால் பற்றரி மிஞ்சும். நான் அதைவிட முக்கியமாகக் கருதுவது வேறொன்று. இவ்வகைக் கார்களில் அக்சிலரேற்றரிலிருந்து காலை எடுத்தவுடனேயே மோட்டார் சக்கரத்தைப் பிடித்து இழுக்கும். பனிக்கட்டியில் அந்த இழுவையே காரை வழுக்கச் செய்யலாம். பனிநாட்களில் அதை மிகக் குறைந்த அளவில் வையுங்கள்.

கேள்வி: ஐந்து வருடப் பழைய பற்றரி. காலையில் 'கிர்… கிர்' என்று இழுத்துத்தான் என்ஜின் பிடிக்கிறது. தாங்குமா?
வாசகர், விட்பி

பதில்: தாங்காது, மாற்றிவிடுங்கள். மைனஸ் 18 பாகையளவிற் பற்றரியின் வலு ஏறத்தாழப் பாதியாகிவிட, தடித்துப்போன எண்ணெயைக் கலக்கவேண்டிய என்ஜினோ கூடுதல் வலு கேட்கும். வின்னிப்பெக்கிலும் எட்மன்ரனிலும் இரவில் காரை மின்கம்பியிற் பூட்டி என்ஜினைச் சூடாக வைத்திருப்பார்கள். தென் ஒன்ராறியோவில் நல்ல பற்றரியே போதும்.

கேள்வி: நெடுஞ்சாலையில் பனி தள்ளும் வண்டிகள் நாலைந்து வழி முழுவதையும் மறித்துக்கொண்டு ஊர்கின்றன. இடையால் வெட்டிக் கடந்துபோகலாமா?
வாசகர், பிக்கறிங்

பதில்: கூடாது. அவை ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்வாக அணிவகுத்துப் போவது, ஒரு வண்டி தள்ளும் பனியை அடுத்த வண்டி ஏற்று ஓரத்துக்குத் தள்ளுவதற்காக. நீங்கள் நுழைய நினைக்கும் அந்த இடைவெளியிலேதான் தள்ளப்பட்ட பனி மேடாகக் கிடக்கும், அலகின் நுனியும் வழிக்கோட்டைத் தாண்டி நீண்டிருக்கும். அலகு கிளப்பும் பனித்தூளில் சாரதிக்கு உங்களைத் தெரியாது. நீல விளக்கு மினுங்குவதைக் கண்டால் நன்றாகப் பின்னே நின்றுகொள்ளுங்கள். முன்னே இருப்பது இன்னும் தள்ளாத பனி. பின்னே நீங்கள் ஓடுவது சற்றுமுன் வழித்து உப்புப் போட்ட தெரு.